கூடம் கோணல் என்றவள்

இன்று ஆயுத பூஜை. காலையில் ஆயுதக் கிடங்கின் கதவைத் திறந்ததும் சந்தன வாசனை முகத்தில் அடித்தது. துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் கட்டையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பொரியும் சுண்டலும், வாசலில் பூசணிக்காய். பொறுப்பில் இருக்கும் ஏட்டு தட்டை நீட்டி, "எடுத்துக்கங்க மேடம்" என்றார். நான் தட்டைப் பார்க்கவில்லை. "ஸ்கோப்புக்குக் கீழ யாராவது பொட்டு வெச்சீங்களா?" என்று கேட்டேன். "ஐயோ இல்ல மேடம். வருஷா வருஷம் இதத்தான் கேக்கறீங்க. கட்டையில மட்டுந்தான் வெச்சோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால் அந்த ஏட்டை இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாய்.

போய்ச் சேராத கடிதம் எழுதுகிறவர்களை நான் கிண்டல் செய்வேன் என்று உனக்குத் தெரியும். இப்போது ஆரணியில் என் வீட்டில், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தறிகள் இன்று ஓடவில்லை. பூஜை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தெரு இவ்வளவு அமைதியாக இருந்தால் எனக்கு எதிலும் மனசு ஓடாது.

நாம் முதலில் சிநேகிதிகள் இல்லை. ஒரே போலீஸ் பிரிவில் வேலை பார்த்தோம், பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். தொலைதூரக் குறி சுடும் பயிற்சிக்கு நம் பிரிவிலிருந்து ஆட்களை அனுப்பினபோது பெண்கள் நாம் இரண்டு பேர்தான். அங்கே எல்லோரும் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். ஒருவர் படுத்துச் சுட, மற்றவர் பக்கத்தில் தொலைநோக்கியில் பார்த்துக் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஆண்கள் அவரவர் ஜோடியைப் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் நீயும் நானும். "வேற வழியில்ல, வா" என்றாய். அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தைத்தவரின் மகள். நீ ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுக்கு மருமகளாகப் போனவள். பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாய். வந்த அன்றைக்கே, தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய்: "எங்க வீட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? இந்த ஒரு தடவ போய்ட்டு வா. பாதியில திருப்பி அனுப்ச்சாங்கன்னா அதோட துப்பாக்கிய மறந்துடணும், ஆபீஸ்ல எழுதற வேலையக் கேட்டு வாங்கிக்கணும். சரின்னு வாக்கு குடுத்துட்டு வந்துகிறன்." நான் உன்னை முட்டாள் என்றேன். "ஏன், திருப்பி அனுப்புவாங்கன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டாய். உனக்குத் துப்பாக்கி என்றால் உயிர். மற்றவர்கள் சம்பளத்துக்கும் பதவிக்கும் வந்திருந்தோம், நீ ஒருத்திதான் சுடுவதற்காகவே வந்திருந்தாய்.

உன் சாமான் பைத்தியத்தைப் பார்த்து முகாமே சிரித்தது. எல்லோருக்கும் கொடுத்த துப்பாக்கி வாரின் தையல் ஒரே வாரத்தில் பிரிய ஆரம்பித்தது. நீ வீட்டிலிருந்து கொண்டு வந்த பட்டு நூலை முறுக்கி, கோணி ஊசியில் கோத்து, உன் வாரையும் என் வாரையும் இரட்டைத் தையல் போட்டாய். "துப்பாக்கிக்கு ஆரணிப் பட்டா? கல்யாணத்துக்கா போவுது?" என்று ஒருவன் கேட்டான். மலையேறி ஓடின அன்று அவன் வார் அறுந்து, துப்பாக்கியைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினான். அன்று சாயங்காலம் உன் முன்னால் வாரும் கையுமாக நாலு பேர் நின்றார்கள். இன்னொரு நாள் தூறலில் தூரம் அளக்கும் கருவிகள் ஒவ்வொன்றாக இருட்டிப்போயின. எல்லோரும் அதைத் தட்டிக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருந்தபோது, நீ தினமும் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் மரத்துக்கு மரம் கண்ணால் தூரம் போட்டுப் பழகியது கை கொடுத்தது. "சாமான நம்பணும். ஆனா அது செத்துப்பூட்டா இன்னா பண்றதுன்னும் தெரிஞ்சி வெச்சிகினு நம்பணும்" என்பாய். இதையெல்லாம் அப்போது நான் அரைக் காதில்தான் கேட்டேன்.

பயிற்சியின் நடுவில்தான் உன் குறி கெட ஆரம்பித்தது. முதல் வாரம் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுட்டவள் நீ. பிறகு ஒரு குண்டு இடப்பக்கம் போகும், அடுத்தது கீழே இறங்கும், அதற்கடுத்தது நடுவில் விழும். மூச்சை மாற்றிப் பார்த்தாய், முழங்கையை மாற்றி ஊன்றிப் பார்த்தாய். தொலைநோக்கியில் பார்த்துச் சொல்கிற எனக்கே சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஒரு காலை எழுந்து நின்று, பயிற்சி கொடுத்த உஸ்தாத்திடம் சொன்னாய்: "உஸ்தாத், எங் கையில தப்பில்ல. துப்பாக்கியில ஏதோ ஆடுது."

உஸ்தாத் ராணுவத்திலிருந்து வந்தவர். மீசைக்கும் குரலுக்கும் சம்பந்தம் இருக்காது, குரல் அவ்வளவு மெல்லியது. அந்த மெல்லிய குரலில், எல்லோர் காதிலும் விழும்படி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். குறி சுடும் ரேஞ்சே சிரித்தது. அன்றிலிருந்து உன் பெயரே மாறிப்போயிற்று. சாப்பாட்டு வரிசையில் நின்றால், "கூடம் வந்துச்சி, வழி வுடுங்கடா" என்பார்கள். துப்பாக்கியை நாமே கழற்றிப் பார்க்கவும் முடியாது. துப்பாக்கி மேல் மாட்டியிருக்கும், குறி பார்க்கிற ஸ்கோப்பில் கை வைக்கக்கூடாது, அது ஆயுதம் பழுது பார்க்கிற ஆர்மரரின் வேலை. அவரோ உஸ்தாத் சொன்னால்தான் தொடுவார்.

நீ அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் வாதம் செய்தாய். "எங்க வீட்ல சேலையில கோடு வுழுந்துச்சின்னா, எங்க வீட்டுக்காரரு மொதல்ல தறியத்தான் பாப்பாரு. பாவு தளந்துகுதா, பலக ஆடுதான்னு. எல்லாத்தையும் பாத்துட்டு அப்பறந்தான் ஆளத் திட்டுவாரு. இங்க இன்னாடான்னா மொதல்லயே ஆளத் திட்றாங்க." சொல்லிவிட்டு என்னையே பார்த்தாய். "நாளைக்கி என் துப்பாக்கிய நீ சுடு" என்றாய்.

மறுநாள் அதையே உஸ்தாத்திடம் கேட்டாய். அவர் யோசித்தார். "சரி. அவ சுடட்டும். அவ குண்டு நடுவுல வுழுந்தா நீ சாயங்காலம் பொட்டி கட்டு. சாக்கு சொல்ற ஆள எங்கிட்ட வெச்சிக்க மாட்டேன்" என்றார். நீ உடனே சரி என்றாய். சுடுவதற்கு நான் விரிப்பில் படுக்கப் போனபோது என் காதருகே குனிந்து, "எனக்கோசரம் வெளிய சுட்டின்னா உங்கூட ஜென்மத்துக்கும் பேசமாட்டன். நேரா சுடு" என்றாய்.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கன்னத்தைக் கட்டையில் வைத்தபோது, கொஞ்சம் இழுத்து விட்டால் உன்னைக் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றத்தான் தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நீ தொலைநோக்கிக்குப் பின்னால் இருந்தாய். உனக்குத் தெரிந்துவிடும். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் சுட்டதே கிடையாது. மூச்சை விட்டு, நிறுத்தி, விரலை மட்டும் அசைத்தேன். முதல் குண்டு நடுவில் விழுந்தது. உன் குரல் நடுங்காமல் "நடு" என்றது. நீ பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அடுத்தது இடப்பக்கம் போனது, அதற்கடுத்தது இன்னும் கீழே. மிச்சக் குண்டுகளும் இஷ்டத்துக்கு அலைந்தன.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு ஆடறீங்களா?" என்றார் உஸ்தாத். நீ விரிப்பைத் தட்டி அவருக்கு இடம் விட்டாய். அந்தத் திமிர் உனக்குத்தான் வரும். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துச் சுட்டார். சுட்டுவிட்டு, தானே எழுந்து வந்து தொலைநோக்கியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலே, "ஆர்மரரக் கூப்புடு" என்றார்.

ஸ்கோப்பைப் பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழற்றியதும் அடியிலிருந்து மஞ்சளாகத் தூள் கொட்டியது. ஆர்மரர் துரு என்றார். உஸ்தாத் விரலில் தொட்டு மோந்து பார்த்தார். சந்தனம். நீ கொண்டு போன துப்பாக்கி நம் கிடங்கினுடையது, பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன் அங்கே ஆயுத பூஜை நடந்ததல்லவா? அப்போதிருந்த ஏட்டு பக்திமான். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைப் பளபளவென்று துடைத்து, வெறும் இரும்பில் பெரிய பொட்டாக வைத்திருக்கிறார். திரும்ப மாட்டும்போது சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனசு வரவில்லை. அதன் மேலேயே வைத்து முறுக்கிவிட்டார். ஈரமாக இருந்தவரை பிடித்துக்கொண்டு நின்றது. காயக் காய, சுடச் சுட, உள்ளே பொடிந்து கிளாம்ப் தளர்ந்துவிட்டது. நம் ஊர்த் துப்பாக்கிக்குத்தான் இப்படி ஒரு வியாதி வரும்.

உஸ்தாத் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "முன்னாடியே ஏன் அழுத்திச் சொல்லல?" என்றார், தப்பு உன்னுடையதுபோல. "அன்னிலேர்ந்து சொல்லிகினுதான உஸ்தாத் கிறன்" என்றாய். ஆனால் அன்று சாயங்காலம் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, அதே மெல்லிய குரலில், "கூடம் கோணல்தான். இனிமே யாராவது கோணல்னு சொன்னா மொதல்ல கூடத்த அளக்கணும். நான் உட்பட" என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அப்போதுதான் நீ அழுவதை முதல்முறையாகப் பார்த்தேன். பயிற்சி முடிந்து கையில் சான்றிதழோடு ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கினபோது உன் வீட்டுக்காரர் குழந்தையோடு நின்றிருந்தார். அவருக்கும் பெருமைதான், ஒளிக்கத் தெரியவில்லை. உன் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் நன்றாகத்தான் போயின. ஜோடியாகவே நம்மைப் போட்டிக்கு அனுப்பினார்கள், பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள். மொட்டை மாடிகளில் வெயிலில் படுத்துக்கிடந்து, யாரையும் சுடாமல், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி இறங்கி வந்தோம். பிறகு என்னை வந்தவாசிக்கு மாற்றினார்கள். போனில்தான் பேச்சு.

தெள்ளாரில் ஒரு திருவிழா பந்தோபஸ்தில் உன்னை மறுபடி பார்த்தேன். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது, பெல்ட்டை மட்டும் கடைசி ஓட்டைக்குத் தளர்த்தியிருந்தாய். இளைத்துப் போயிருந்தும் வயிறு மட்டும் உப்பியிருந்தது. என்னடி இது என்றேன். அடிவயிற்றில் வலி, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு வேலையும் ஓடவில்லை என்றாய். வீட்டில் என்ன சொன்னார்கள்? மாமியார், "போலீஸ் வேலன்னா ஓடற, அடுப்படின்னா மட்டும் வலிக்குதா?" என்றாராம். வீட்டுக்காரர், "டென்ஷன்தான். தூங்கு, சரியாப்பூடும்" என்றாராம். தெருமுனை மருத்துவர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தாராம். அதையெல்லாம் சொல்லிவிட்டு நீ கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. "ஒருவேள நானேதான் சாக்கு சொல்லிகினு கிறனோ என்னவோ."

நீயா? ஒரு ரேஞ்சே சிரித்தபோது அசையாமல் நின்றவள் நீ. இரும்புக்காக அவ்வளவு வாதாடினவள், உன் உடம்புக்காக ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு உன் மேல் கோபம் வந்தது. சேலையில் கோடு விழுந்தால் தறியைப் பார்க்கிற மனுஷன், பெண்டாட்டி வலிக்கிறது என்றால் மட்டும் முதலிலேயே ஆளைத் திட்டிவிட்டாரே என்று அவர் மேல் அதைவிடக் கோபம் வந்தது. மறுநாளே லீவு போட்டு உன்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்த பெண் மருத்துவர், முதலில் என்னைப் பார்த்து, பிறகு உன்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீங்க?" என்று கேட்டார். சினைப்பையில் கட்டி. அது எங்கெங்கோ பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "ரொம்ப பேஜாரா கீதுடி" என்றாய். முடியவில்லை என்கிற அந்த வார்த்தையை அதற்கு முன் உன் வாயால் நான் கேட்டதில்லை. உன் துப்பாக்கியை அன்று நான் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். உன் உடம்பை வாங்கி ஒரு நாள் நான் படுத்துப் பார்க்க முடியுமா? முடிந்திருந்தால் உன் மாமியார் முன்னால், உன் வீட்டுக்காரர் முன்னால் படுத்துக் காட்டியிருப்பேன், இதோ பாருங்கள் என்று. அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "நீ சத்தம் போட்டு ஊரக் கூட்டிடுவ. உன்னால தாங்க முடியாது" என்றாய். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் சாவுக்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் பார்ப்பேன், எதையாவது வாங்கிக் கொடுப்பேன், திரும்பிவிடுவேன். நான் ஆரணிக்கே மாற்றல் வாங்கி வந்த பிறகும், உன் வீட்டுக்காரர் எதிரே வந்தால் சைக்கிள் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். மனசில் அவ்வளவு கசப்பு இருந்தது.

போன மாதம் ஒரு நாள் காலையில் அவர் போன் செய்தார். "தங்கச்சி, கோச்சிக்காதீங்க. நெஞ்சு ஒருமாதிரி அழுத்துது. காலைலேர்ந்து. அம்மாகிட்ட சொன்னன், தறியில உக்கார சோம்பல்னு சொல்றாங்க. வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஏறுங்கண்ணா, ஜல்தி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, முடிவுக்காக வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதையும் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது? "அவ வலிக்குதுன்னு சொன்னப்ப நீங்க நம்பினீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல தங்கச்சி. நம்பல" என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். இதயத்தில் ஒன்றும் இல்லை, வயிற்று எரிச்சல்தான் மேலே ஏறியிருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். வெளியே வந்ததும் அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமில்லாததுக்கு உங்கள அலைய வெச்சிட்டன்" என்றார். "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிக்கத்தாண்ணா வந்தோம்" என்றேன். அவர் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடை வாசலில், அத்தனை பேர் நடுவில் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான். யாராவது ஏதோ சரியில்லை என்று சொன்னால், அது துப்பாக்கியோ உடம்போ, சொல்கிறவரை எடைபோடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பாதிப் பேருக்கு ஒன்றும் இருப்பதில்லை. என்னை வீண் அலைச்சல்காரி என்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்து அவர்கள் வெட்கத்தோடு சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உன் ஞாபகம் வருகிறது. நேரத்துக்குப் போயிருந்தால், பரவுவதற்கு முன்பே அது தெரிந்திருக்கலாம், நீயும் அப்படிச் சிரித்திருக்கலாம்.